கணிதமும் கணினியும் சேர்த்துப் படிக்க மதுரைப் பிள்ளைக்கு எத்தனை வழி?

காலாண்டு விடுமுறைக்கு அக்கா மகள் திருமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். அரசுப் பெண்கள் பள்ளி, பிளஸ் டூ, தமிழ் வழி. கணிதமும் கணினி அறிவியலும் இருக்கிற பிரிவு. ஒரு மத்தியானம் என் மடிக்கணினியை எடுத்து வைத்துக்கொண்டு பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை வரும். இரண்டு எண்களுக்கு மீ.பொ.வ. (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப்பெரிய எண்) காண, பெரியதைச் சின்னதால் வகுக்க வேண்டும். பிறகு அந்தச் சின்னதை மீதியால் வகுக்க வேண்டும். மீதி பூச்சியம் வரும்வரை இப்படியே போக வேண்டும். நிரல் ஏழெட்டு வரிதான். எத்தனை முறை வகுத்தது என்று எண்ணிச் சொல்லும்படியும் எழுதியிருந்தாள்.

144, 90 என்று கொடுத்தாள். நான்கே படியில் 18 வந்தது. அப்புறம் 144, 89 கொடுத்தாள். பத்துப் படி. ஒன்றே ஒன்று குறைத்ததற்கு இவ்வளவு வித்தியாசமா என்று நோட்டை எடுத்து ஒவ்வொரு மீதியாக எழுதினாள்: 55, 34, 21, 13, 8, 5, 3, 2, 1. எழுதி முடிக்கும் முன்பே, "சித்தி, இது ஃபிபோனாச்சி வரிசைல்ல!" என்றாள். அடுத்தடுத்த இரண்டைக் கூட்டினால் அதற்கடுத்த எண் வருகிற வரிசை அது.

1844இல் கேப்ரியல் லாமே என்ற பிரெஞ்சுக்காரர் இதை நிறுவியிருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். யூக்ளிடின் முறையில் வகுக்கும் தடவை, சின்ன எண்ணில் எத்தனை இலக்கமோ அதன் ஐந்து மடங்கைத் தாண்டாது. 89க்கு இரண்டு இலக்கம், ஆகவே பத்துக்கு மேல் போகாது. அவள் கொடுத்த எண்கள் அந்த எல்லையை அப்படியே தொட்டு நின்றன. அடுத்தடுத்த ஃபிபோனாச்சி எண்கள் வரும்போதுதான் அந்த முறைக்கு இருப்பதிலேயே அதிக வேலை.

அன்று சாயங்காலம் அத்தான் அவளைக் கூட்டிப்போக வந்தார். காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: "இவளுக்குக் கணக்கும் வேணுமாம், கம்ப்யூட்டரும் வேணுமாம். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு ஆயிரக் கூடாதும்மா. என்ன படிக்க வைக்கலாம்?"

அவரிடம் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் மதுரையில் பி.எஸ்சி. கணிதம் படித்து, பிறகு எம்.சி.ஏ. முடித்து, பல வருடமாக மென்பொருள் வேலையில் இருப்பவள். இதே கேள்வி இந்த மாவட்டத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

முதலில் அத்தானின் பழமொழிக்குப் பதில். இவை இரண்டும் ஆறும் சேறும் இல்லை. 1974இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து எழுதியது. நம் வாசலில் போடுகிற கோலத்தை எடுத்துக்கொண்டு, அதை எந்த இலக்கண விதிகளால் உருவாக்கலாம் என்று ஆராய்ந்தார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் வைக்கலாம் என்பது அதன் அடிப்படை. இது கணிதமா, கணினி அறிவியலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அக்கா மகள் அன்று செய்ததும் அந்த வகைதான். நிரல் எழுதாமல் இருந்தால் பத்துப் படி என்பது அவள் கண்ணில் பட்டிருக்காது. கணிதம் தெரியாமல் இருந்தால், பட்டிருந்தாலும் அதில் ஃபிபோனாச்சியைப் பார்த்திருக்க மாட்டாள்.

ஆக, சேர்த்துப் படிக்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கே, எந்தப் பட்டத்தின் பேரில் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

யார் திருத்துவார்கள்?

படிப்புகளை ஒப்பிடும்போது வேலை, கட்டணம், கல்லூரிப் பெயர் என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை, கீழே வருகிறேன். ஆனால் இரண்டையும் விரும்புகிற பிள்ளைக்கு நான் முதலில் கேட்பது இதை: அங்கே உன் நிரூபணத்தை வாசித்துத் திருத்த ஒருவர் இருப்பாரா?

காரணம் சொல்கிறேன். நிரல் தப்பென்றால் கணினியே சொல்லிவிடும். ஓடாது, அல்லது தப்பான விடை தரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து திருத்தித் திருத்திக் கற்றுக்கொள்ளலாம். நிரூபணம் தப்பென்று காகிதம் சொல்லாது. நாம் எழுதியது நமக்குச் சரியாகவே தெரியும். 'ஆகவே' என்று எழுதிய இடத்தில் ஓட்டை இருப்பதை, அதை எழுதத் தெரிந்த இன்னொருவர் சிவப்பு மையில் சுழித்துக் காட்டினால்தான் புரியும். நிரலைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், நிரூபிக்கிற பழக்கத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்வது மிகவும் கடினம் என்று நான் சொல்வது இதனால்தான்.

என் கதையிலேயே அது நடந்தது. நான் படித்த கல்லூரியில் சி மொழிக்கு வாரம் ஒரு ஆய்வகம், இரண்டு மணி நேரம். ஒரு கணினிக்கு மூன்று பேர். ரெக்கார்டு நோட்டில் இருப்பதைத் தட்டெழுதி, விடை வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். எம்.சி.ஏ. முதல் பருவத்தில் நினைவகத்தைக் கையாளுகிற பாயிண்டர், லிங்க்டு லிஸ்ட் வந்தபோது தடுமாறிப்போனேன். அந்தக் குறையைச் சரிசெய்ய ஒரு வருடம் பிடித்தது. ஆனால் ஒரே ஒரு வருடம். அதே வகுப்பில் தனிநிலைக் கணிதமும் (டிஸ்கிரீட் மேத்ஸ்), இயந்திரத்தால் எதைக் கணிக்க முடியும் என்று பார்க்கிற ஆட்டோமேட்டா கோட்பாடும் வந்தபோது பாதிப் பேர் திணறினார்கள். எனக்கு அது தெரிந்த தெருவில் நடப்பது மாதிரி இருந்தது. பி.எஸ்சி.யில் ஓர் ஆசிரியை, தொகுத்தறிதல் முறையில் நாங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் வாசித்து, "இது எப்படி வந்துச்சு?" என்று ஓரத்தில் எழுதித் தருவார். அந்தக் கேள்விதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

எதிர்ப்பக்கமும் பார்த்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கிற சிலர் நன்றாக நிரல் எழுதுவார்கள். இயந்திரக் கற்றல் பக்கம் மாற வேண்டும் என்று முப்பது வயதுக்கு மேல் நேரியல் இயற்கணிதத்தை முதலிலிருந்து படிக்கிறார்கள். வேலையும் குழந்தைகளும் இருக்கும்போது அது பெரும்பாடு.

இந்த அளவுகோலோடு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

பி.இ. கணினிப் பொறியியல்

நம் ஊரில் கணக்கில் நல்ல மதிப்பெண் என்றால் எல்லாரும் காட்டுகிற கதவு இது. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குக் கட்ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50. அத்தான் காலண்டர் தாளின் பின்னால் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தார். காலாண்டு மதிப்பெண்படி 98, 91, 93. அதாவது 98 கூட்டல் 45.5 கூட்டல் 46.5, மொத்தம் 190.

இதன் பலம் வெளிப்படையானது. நான்காம் வருடம் கல்லூரிக்கே நிறுவனங்கள் வரும். 'பி.இ., பி.டெக். மட்டும்' என்று விளம்பரத்தில் எழுதுகிற இடங்களில் தடை இருக்காது. எம்.டெக். போக நேர்வழி. மதுரையில் 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம்.

அக்கா மகள் விஷயத்தில் இன்னொரு பெரிய பலம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு அவள் தகுதியானவள். 2021இலிருந்து பொறியியலுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பொறியியல்தான் செலவு, கலைக் கல்லூரிதான் மலிவு என்ற பழைய கணக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது தலைகீழ். இது தெரியாமலே பொறியியல் வேண்டாம் என்று முடிவு செய்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

கணிதப் பக்கம் வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினிப் பொறியியலுக்கு நேரடிக் கணிதத் தாள்கள் மூன்றுதான்: அணிகளும் நுண்கணிதமும், புள்ளியியலும் எண்ணியல் முறைகளும், தனிநிலைக் கணிதம். கணிப்பியல் கோட்பாடும் வழிமுறைகளின் பகுப்பாய்வும் கணிதம் மாதிரியேதான், அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். குலம், வளையம் என்ற இயற்கணித அமைப்புகள் தனிநிலைக் கணிதத்தில் ஓர் அலகாக மட்டும் வந்துபோகும். மெய்ப்பகுப்பாய்வு, அதாவது நுண்கணிதத்தை நிரூபணத்தோடு படிப்பது, கிடையாது. இருக்கிற மூன்றிலும் பெரும்பாலும் கணக்குப் போட்டு விடை காண்பதுதான், நிரூபணம் கொஞ்சம்தான். லாமே சொன்ன 'ஐந்து மடங்கு' என்பதை அங்கே அவள் கேள்விப்படுவாள். அது ஏன் என்று யாரும் உட்கார வைத்துக் கேட்க மாட்டார்கள்.

பொறியியல் படித்தால் கணிதம் போய்விடும் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகச் சோதிக்க உறுதியான வழிமுறை உண்டு என்பதை 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிறுவினார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் அங்கே கணினியியலில் பி.டெக். முடித்திருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. ஆனால் அவர்களுக்கு அகர்வால் இருந்தார். அதாவது, திருத்த ஓர் ஆள்.

பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ.

இதை வேகமாகக் கடந்துவிடலாம். நிரல் கற்று மூன்று வருடத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்பவர்களுக்கு நல்ல படிப்புகள். கணிதம் இங்கே துணைப்பாடம், அதுவும் முதல் ஒன்றிரண்டு வருடத்தோடு முடிந்துவிடும். இரண்டும் வேண்டும் என்பவளுக்கு இது பாதிப் படிப்புதான்.

'கணினிப் பயன்பாட்டுடன் கணிதம்' என்று பி.எஸ்சி. பட்டம் பல கல்லூரிகளில் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நாம் தேடுவது இதுதானே என்று தோன்றும். அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாடத்திட்டத்தை வாங்கி, கணிதத்தில் எதை எடுத்துவிட்டு எதை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இயற்கணிதமும் மெய்ப்பகுப்பாய்வும் முழுதாக இருந்து, கணினிப் பக்கம் தரவுக் கட்டமைப்பும் ஒரு நல்ல நிரல்மொழியும் இருந்தால் தாராளமாகச் சேரலாம். பகுப்பாய்வைக் குறைத்துவிட்டு, அலுவலக மென்பொருள் பயிற்சி மாதிரியானவற்றை நிரப்பியிருந்தால் வேண்டாம். அதைக் கோடை விடுமுறையில் படித்துக்கொள்ளலாம்.

பி.எஸ்சி. கணிதம், பக்கத்தில் கணினி

நான் வந்த வழி என்பதால் மட்டும் இதற்கு அதிக இடம் கொடுக்கவில்லை. மதுரைக்காரர்களுக்கு நிஜமாகவே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இது. அமெரிக்கன் கல்லூரி 1881இலிருந்து இருக்கிறது, மதுரைக் கல்லூரி 1889இலிருந்து. பெண்களுக்கு லேடி டோக் 1948, பாத்திமா 1953, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி 1965. தெப்பக்குளம் பக்கம் தியாகராசர் கல்லூரி 1949. எல்லாவற்றிலும் கணிதத் துறை உண்டு. பழைய துறை என்பதால் கணிதம் பெரும்பாலும் அரசு உதவிபெறும் பிரிவில் இருக்கும், கணினி பெரும்பாலும் சுயநிதியில். கட்டணத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது போதும்.

ஆனால் கணிதத் துறை என்று பலகை மாட்டியிருந்தால் போதாது. தேற்றத்தை நிரூபணத்தோடு மனப்பாடம் செய்து எழுதி முதல் வகுப்பு வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. அங்கே மூன்று வருடம் இருந்தாலும் நிரூபிக்கத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தக் கல்லூரியின் பழைய வினாத்தாள் இரண்டை வாங்குங்கள். இயற்கணிதத் தாளில் 'இன்ன தேற்றத்தைக் கூறி நிறுவுக' என்பது எத்தனை, புத்தகத்தில் இல்லாத புதுக் கணக்கு எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றாம் வருட மாணவி ஒருத்தியிடம், "உள்தேர்வுத் தாளைத் திருத்தித் தரும்போது ஓரத்தில் ஏதாவது எழுதியிருப்பாங்களா?" என்று கேளுங்கள். அரை நாள் வேலைதான். தரவரிசைப் பட்டியல் சொல்லாததை இது சொல்லிவிடும்.

கணினிப் பக்கத்துக்கு என் காலத்தில் இல்லாத வசதி இப்போது வந்திருக்கிறது. 2021 ஜனவரியிலிருந்து சென்னை ஐஐடி தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துகிறது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரம் பாடம் படித்து அவர்களே வைக்கிற தகுதித் தேர்வில் தேறினால் போதும். தேர்வுகளை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். அடித்தள நிலையில் கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, பைத்தான், கணிப்பியல் சிந்தனை என்று பாடங்கள். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு பட்டத்துக்கு 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதி கொடுத்துவிட்டது. முழுப் பட்டமும் முடித்தால் செலவு லட்சக் கணக்கில் போகும். ஆனால் குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துக் கட்டணம் பெரிதும் குறையும். நடுவிலேயே டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. பணமே வேண்டாம் என்றால், சென்னைக் கணிதக் கழகத்தின் (சிஎம்ஐ, கீழே வருகிறது) பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தானில் தரவுக் கட்டமைப்பும் வழிமுறைகளும் நடத்திய பாடம், என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

இந்த வழியின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. இரண்டாவது பாதியை அவளேதான் இழுக்க வேண்டும், கல்லூரி இழுத்துக்கொண்டு போகாது. ஒரு பருவம் சோம்பினால் கணினி விட்டுப்போகும். மூன்று வருடம் முடிந்ததும் மேலே படித்தே ஆக வேண்டும். எம்.சி.ஏ. இப்போது இரண்டு வருடம்தான். அதற்கு நம் மாநிலத்தில் டான்செட் தேர்வும் என்ஐடிகளுக்கு நிம்செட் தேர்வும் உண்டு. கணிதமே வேண்டும் என்றால் ஐஐடிகளில் எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு. நிம்செட்டில் கணிதத்துக்கு இருக்கிற கனத்தைப் பார்த்தால், பி.எஸ்சி. கணிதம் படித்தவருக்கு அது சாதகமான களம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நேர்காணல் செய்கிற பொறுப்பு என்னிடம் வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். சின்ன நிரல் ஒன்றை எழுதச் சொல்லிவிட்டு, "எல்லா உள்ளீட்டுக்கும் இது சரியா வரும்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்பேன். பொறியியல் படித்தவர்களில் பலர் வேகமாக எழுதிவிட்டு இந்தக் கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். கணிதம் படித்தவர்களில் பலர் எழுதுவதற்கு நேரம் எடுத்தாலும் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. இரண்டும் வருகிற ஒருவர் எப்போதாவது வருவார். அவரை விடக் கூடாது என்று மேலே உடனே எழுதிவிடுவேன்.

ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.

தியாகராசர் பொறியியல் கல்லூரியிலேயே தரவு அறிவியலில் ஐந்தாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் கோட்பாட்டுக் கணினியியலிலும் தரவு அறிவியலிலும் ஐந்தாண்டுப் படிப்புகள் உண்டு. கணிதமும் நிரலும் ஒரே கூரையின் கீழ், வளாக நேர்காணலும் உண்டு, நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம். பொறியியல் கலந்தாய்வோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, கல்லூரிக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கலந்தாய்வையே நம்பி இருப்பவர்கள் இந்தத் தேதியைத் தவறவிடுகிறார்கள். இங்கே கணிதம் பயன்பாட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும். அது பிடிக்கும் என்றால், ஊரைவிட்டுத் தூரம் போக முடியாது என்றால், நல்ல நடுவழி. 7.5 ஒதுக்கீட்டுச் சலுகை இதற்குப் பொருந்துமா என்பதைச் சேருமுன் கல்லூரியில் கேட்டுத் தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

சென்னைக் கணிதக் கழகம்

சிஎம்ஐ என்றால்தான் தெரியும். பேராசிரியர் சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கியது. 1998இலிருந்து 'கணிதமும் கணினி அறிவியலும்' என்றே பெயர் வைத்து இளநிலைப் படிப்பு நடத்துகிறது. 2005இலிருந்து சிறுசேரியில் சொந்த வளாகம், 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து. வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் மத்தியானம் எழும்பூர், அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்துப் போக வேண்டும். இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. எனக்கு வயது பதினேழாக இருந்தபோது யாரும் சொல்லவில்லை. அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை.

இங்கே இயற்கணிதம், பகுப்பாய்வு, நுண்கணிதம் ஒரு பக்கம். நிரலாக்கம், தனிநிலைக் கணிதம், கணிப்பியல் கோட்பாடு, வழிமுறைகள் இன்னொரு பக்கம். எதுவும் துணைப்பாடம் இல்லை. காலையில் நிரூபணம், மத்தியானம் நிரல், இரண்டையும் பார்ப்பது ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர்கள். சின்ன வகுப்பு. நான் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது.

நுழைவுத் தேர்வு மே மாதம் நடக்கும். பிளஸ் டூ அளவுக் கணிதம் மட்டும்தான். இயற்பியல், வேதியியல் கிடையாது. ஆனால் கேட்கிற விதம் வேறு. விடை மட்டும் எழுதினால் போதாத, முழு நிரூபணமும் எழுத வேண்டிய கேள்விகள் உண்டு. நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளும் இதில் திணறலாம், பள்ளியில் அந்தப் பழக்கமே கொடுப்பதில்லை. பழைய வினாத்தாள்களைக் கழகத்தின் தளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத்தேர்வுப் பரபரப்பில் வந்து போய்விடும், அதை யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.மேத். படிப்புக்கும் ஏறக்குறைய இதே தயாரிப்புதான். அங்கே கணிதம் இன்னும் கூடுதல், கணினி குறைவு.

தடைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் பருவம் கஷ்டமாக இருக்கும். கணிதத்தில் வாக்கியங்கள் சின்னவை, சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை என்பதால் ஆறு மாதத்தில் பழகிவிடும் என்பது என் அனுபவம். அந்த ஆறு மாதமும் வீட்டிலிருந்து தைரியம் சொல்ல ஆள் வேண்டும். இரண்டு, செலவு. 7.5 ஒதுக்கீட்டில் பி.இ. இலவசமாகக் கிடைக்கிற பெண்ணுக்கு இங்கே கட்டணம், விடுதி என்று வரும். நன்றாகப் படிக்கிறவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் உண்டு. அதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். மூன்று, இங்கே படித்தவர்கள் பெரும்பாலும் மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறார்கள். மூன்று வருடத்தில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் நாலாவது வருடமே வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும் என்ற குடும்பம், சேருமுன் இதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

அத்தானிடம் சொன்னது

இரண்டுநாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "அத்தான், சிஎம்ஐ தேர்வுக்கு அவ படிக்கட்டும். கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க, விடுதிச் செலவு என் பொறுப்பு. கிடைக்கலைன்னா நிரூபணம் எழுதிப் பழகினது வீணாப் போகாது."

அது கிடைக்காவிட்டால்? 7.5 ஒதுக்கீட்டில் ஒரு நல்ல கல்லூரியில் கணினிப் பொறியியல் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அப்போது கணிதத்தை நான் வாரம் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன், சிவப்பு மை என்னிடம் இருக்கிறது. நல்ல கல்லூரி வராமல் எங்கோ ஒரு கல்லூரியில் பி.இ. என்ற பெயருக்காகச் சேர்ப்பதாக இருந்தால், அது இலவசமாகவே இருந்தாலும் வேண்டாம். அதற்குப் பதில் மதுரையிலேயே நல்ல கணிதத் துறை, பக்கத்தில் ஐஐடி இணையப் படிப்பு. அந்த மூன்று வருடத்துக்குப் பிறகும் சிஎம்ஐயின் எம்.எஸ்சி. கதவு திறந்துதான் இருக்கும்.

அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "விடுதிச் செலவு நானே பாத்துக்கிறேன்மா. அந்த விண்ணப்பத் தேதிய மட்டும் நீ ஞாபகம் வச்சுக்க" என்றார். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்தையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி அக்கா மகளிடமிருந்து செய்தி வந்தது. பொதுத்தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் இதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் போல.

"சித்தி, ஒரு இலக்கத்துக்கு 13, 8 கொடுத்தேன், 5 படி. ரெண்டு இலக்கத்துக்கு 10. மூணு இலக்கத்துக்கு 1597, 987 கொடுத்தா சரியா 15. ஆனா நாலு இலக்கத்துக்கு 10946, 6765 கொடுத்தா 19தான் வருது. 20 வரவே மாட்டேங்குது. ஏன் சித்தி?"

ஞாயிற்றுக்கிழமை வா, எழுதிக் காட்டு என்று பதில் போட்டிருக்கிறேன்.